கறுப்புத் தாளுக்கு அடியில்

மணி என்ன தம்பி? எட்டு ஐம்பதா? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்கள், வேர்க்கிறது. இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தேன். இட்லியைப் பிய்த்தேன். அப்படியே வைத்துவிட்டு சங்ககிரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

இந்த பஸ் ஒன்பதரைக்குள் ஈரோடு போய்விடுமா? போகாது. பள்ளிபாளையத்தில் நிற்பான். பாலத்தில் ஊர்வான். பத்து மணி ஆக்கிவிடுவான். எனக்குத் தெரியும்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. அதுதான் வசதி.

என் மைத்துனி மகள் தாரணி. இருபத்திரண்டு வயது. இன்றைக்கு ஈரோட்டில் ஒரு காலேஜ் மைதானத்தில் வில் போட்டி. ஒன்பதரைக்கு அவள் வில்லை இழுப்பாள். அந்த வில்லில் ஒரு விரிசல் இருக்கிறது. இழுத்துப் பிடிக்கும்போது அந்த இடம் அவள் முகத்துக்கு எதிரே, கொஞ்சம் மேலே நிற்கும். உடைந்தால் சிலாம்பு நேராகக் கண்ணுக்குத்தான் போகும். அந்த விரிசல் இருப்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

இப்போது உங்களுக்கும் தெரியும்.

போன் செய்ய வேண்டியதுதானே என்கிறீர்கள். செய்தேன். ஏழு தரம் செய்தேன். போட்டி என்றால் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். அவள் அம்மா போன் வைத்துக்கொள்வதில்லை. அவள் அப்பனுக்கா? அங்கேதான் இருக்கிறது விஷயம். அவனோடு எனக்குப் பேச்சு இல்லை. பதினோரு வருஷமாக இல்லை.

நாச்சிமுத்து என்று பெயர். என் சகலை. நான் அக்காவைக் கட்டியவன், அவன் தங்கையைக் கட்டியவன். அப்படியென்றால் மரியாதை யாருக்கு முதலில் வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தான், நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதனால் முறை மாறிவிடுமா?

அவன் வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு எல்லாரும் கூடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவன் நேராக என்னிடம் வந்து, "சகலை, சாமான் ரூம் சாவிய நீங்க வெச்சுக்குங்க. வேற யாருகிட்டயும் குடுக்க முடியாது" என்று கையில் திணித்தான். அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் நான் காவல். வெளியே வந்து பார்த்தால் குடும்ப போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் போட்டோ இன்றைக்கும் அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. முப்பத்திரண்டு தலை. சமையல்காரன் தலைகூட ஓரத்தில் தெரிகிறது. என்னுடையது இல்லை. சாவியை அவன் சட்டைப் பையில் போட்டேன். அன்றைக்கு மூடிய வாய்.

ஆள் அனுப்பினான், அனுப்பாமல் இல்லை. மைத்துனி வந்து அழுதாள். மறுபடியும் எல்லாரும் நின்று எடுத்துக்கொள்ளலாம் என்றாள். மறுபடியும் எடுத்தால் அது வேறு போட்டோ, இல்லையா?

நான் தறிப் பட்டறையில் பிட்டராக இருந்தவன். முப்பத்தைந்து வருஷம். பட்டறையை மூடிவிட்டார்கள், தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் வீட்டில் சும்மா இருந்தேன். நாச்சிமுத்து ரிட்டயர் ஆகித் தன் தென்னந்தோப்பில் வில் பழகுகிற இடம் ஒன்று ஆரம்பித்திருந்தான். தாரணி வந்தாள். "பெரியப்பா, வில்லையெல்லாம் துடைச்சுப் பராமரிக்க ஒரு கை வேணும். உங்கள மாதிரி மெசின் தெரிஞ்ச கை கிடைக்காதுன்னு அப்பா சொல்றாரு" என்றாள். அவன் வந்து கூப்பிடவில்லை பாருங்கள். பிள்ளையை அனுப்புகிறான். பிள்ளை முகத்துக்காகப் போனேன். நாலு வருஷம் ஆகிறது.

ஒரே தோப்பு, ஒரே கொட்டகை, பேச்சு மட்டும் இல்லை. அவனுக்கு என்னிடம் ஏதாவது ஆக வேண்டுமென்றால் தாரணியிடம் சொல்வான். அவள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வான், இல்லை தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்வான். "நாணுக்கு எண்ணெய் போடக் கூடாது, மெழுகுதான்" என்று ஒரு நாள் சுவரிடம் சொன்னான். எனக்குக் காது கேட்கும்தான். ஆனால் சுவருக்குச் சொன்னதை நான் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அப்புறம் தாரணி வந்து சொன்ன பிறகுதான் மெழுகுக்கு மாறினேன்.

நீங்கள் நினைக்கிற மாதிரி வளைந்த கழி இல்லை அது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் கைப்பிடி, கைப்பிடியிலிருந்து மேலும் கீழும் தகடுகள், குறுக்கும் நெடுக்கும் நாண். காம்பவுண்டு வில் என்பார்கள். தாரணியுடையது வேட்டைக்குச் செய்ததாம். அமெரிக்காவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அங்கே மான் அடிக்க வைத்திருந்தது, ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனார். காட்டில் தெரியாமலிருக்க உடம்பு முழுக்க இலையும் குச்சியுமாகப் பெயிண்ட். திருகைத் தளர்த்தி அவள் கைக்குத் தகுந்த மாதிரி ஆக்கியிருந்தார்கள். அந்த வில்லைத் தவிர வேறு வில் அவளுக்குக் கைக்கு வராது.

சும்மா சொல்லக் கூடாது, அதை நான் தறியைப் பார்த்த மாதிரிப் பார்த்தேன். உலர்ந்த துணியால் தூசி துடைப்பேன். நாணில் மெழுகு தேய்த்து, சூடு ஏறும்வரை இரண்டு விரலால் உருவுவேன். சக்கரத்து அச்சில் ஒரே சொட்டு எண்ணெய், அதையும் துடைத்துவிடுவேன். திருகுகளைச் சாவி போட்டு இறுக்கிப் பார்ப்பேன். கடைசியில் ஒரு துண்டு பஞ்சு. பஞ்சைத் தகட்டின் மேல் நுனியிலிருந்து அடிவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டும். நாலு வருஷத்தில் ஒரு நாளும் மாட்டியதில்லை.

வியாழக்கிழமை மாட்டியது.

என்ன ஆயிற்று என்றால், மெழுகெல்லாம் போட்டு முடித்தேன். ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். அம்பு இல்லாமல்தான். மெழுகு விரல், வழுக்கிவிட்டது. வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். கொட்டகைக் கூரையிலிருந்து புறா பறந்தது. என் தோள்பட்டை வரை அதிர்ந்தது. அம்பு போகும்போது அந்த வேகத்தை அம்பு வாங்கிக்கொள்ளும். அம்பு இல்லாவிட்டால் வில்லே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் காலியாக விடவே கூடாது.

தெரியுமா என்று கேட்காதீர்கள். "சில பேரு காலி வில்ல விட்டுப் பாக்கறாங்க, தகடு போயிரும்" என்று அவன் சொல்லியிருக்கிறான். சுவரிடம்.

இல்லை தம்பி. உங்களிடம் எதற்கு மறைக்க? வழுக்கவில்லை. விட்டேன். தறிக்கு எண்ணெய் போட்டால் நூல் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் காலியாக ஓட்டிப் பார்ப்போம். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். சத்தத்தை வைத்தே எங்கே தட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கை தானாக விட்டுவிட்டது.

பஞ்சை இழுத்தேன். மேல் தகடு, வலது பக்கம், ஒரு இழை மாட்டி நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் இலைப் பெயிண்டில் ஒரு குச்சி மாதிரித்தான் தெரிகிறது. நகத்தை வைத்தால் நகம் நிற்கிறது. பஞ்சைக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனேன். கொட்டகை வாசல்வரை போனேன். தாரணியிடம் சொன்னால் அவள் அப்பனிடம் சொல்வாள். அவன் வந்து வில்லைப் பார்ப்பான். அப்புறம் சுவரைப் பார்ப்பான். என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான், அதுதான் பெரிய கொடுமை. சாமான் ரூம் சாவிக்குத்தான் லாயக்கு என்று மனசுக்குள் நினைப்பான். அவன் நேராக வந்து, "சகலை, வில்லு எப்படி இருக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே?

வெள்ளிக்கிழமை தாரணி ஒரு சுருள் கறுப்பு ஸ்டிக்கர் தாளோடு வந்தாள். "பெரியப்பா, போட்டியில இலைப் பெயிண்ட் ஆகாதாம். தகட்டுக்கெல்லாம் கறுப்பு ஒட்டணும். உங்க கைதான் சுத்தமா ஒட்டும்" என்றாள்.

ஒட்டினேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. ஒட்டினேன். காற்றுக் குமிழ் இல்லாமல், பழைய ரேஷன் கார்டு உறையை வைத்து நீவி நீவி ஒட்டினேன். அந்த இடம் வந்தபோது கை நின்றது. ஒரு நிமிஷம் நின்றிருக்கும். அப்புறம் அதன் மேலேயும் நீவினேன். இனிமேல் பஞ்சு வைத்தாலும் மாட்டாது.

என் கணக்கு வேறு. எந்த வில்லாக இருந்தாலும் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன்பு அவன்தான் முதலில் இழுத்துப் பார்ப்பான். எப்போதும் அப்படித்தான். சரி, இதையும் அவன் இழுக்கட்டும். ஒரு நிமிஷம் தம்பி, ஒரே ஒரு நிமிஷம்தான் அப்படி நினைத்தேன். அவன் இழுக்கட்டும், உடைந்தால் அவன் கையில் உடையட்டும் என்று. நினைத்தது நானா என்று எனக்கே பயமாக இருக்கிறது. அவள் இல்லை, கேளுங்கள், அவளை நான் நினைக்கவே இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காய்ச்சல் என்றால் அவள் என் மடியில் படுத்துத்தான் தூங்குவாள்.

அவன் வந்தான். வில்லை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். இப்போது இழுப்பான், இப்போது இழுப்பான். அவன் இழுக்கவில்லை. தென்னை மரத்தைப் பார்த்துச் சொல்கிறான்: "வேலைன்னா இதுதான் வேலை. இந்தக் கை பார்த்ததுக்கு மேல நான் சோதிச்சுப் பார்க்க என்ன இருக்குது?"

வில்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

பதினோரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?

போட்டிக்கு முன்னால் கைக்கு ஓய்வு என்று அவள் நேற்று வில்லைத் தொடவே இல்லை. இன்றைக்குக் காலை ஆறு மணிக்குக் காரை எடுத்தார்கள். அவன் முன்பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். "பெரியப்பா, முன்னாடி உட்காருங்க. உங்களுக்காகத்தான் அம்மாவப் பின்னாடி ஏறச் சொன்னேன்" என்கிறாள் பிள்ளை. நான் நகரவில்லை. கூப்பிட வேண்டியவன் வாயைத் திறந்து கூப்பிட வேண்டாமா? கதவைத் திறந்து வைத்தால் ஆயிற்றா? "எனக்குத் தோப்புல வேலை இருக்குது, போய்ட்டு வா சாமி" என்றேன். அவள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கார் போனது. அப்புறம்தான் போனை எடுத்தேன்.

பள்ளிபாளையம் வந்துவிட்டதா? ஏன் நிற்கிறான்? ஏனுங்க டிரைவர், முன்னால் என்ன? ஊர்வலமா? மணி என்ன தம்பி? ஒன்பது பதினெட்டா?

ஐயோ.

தம்பி, ஒரு உபகாரம். உங்கள் போனில் பேசுங்கள். என் நம்பரைப் பார்த்தால் நான்தான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைப்பான். இந்தாருங்கள், தோப்பின் விசிட்டிங் கார்டு, அடியில் இருப்பது அவன் நம்பர். என் பேரைச் சொல்ல வேண்டாம். "கறுப்பு வில்லை இழுக்க வேண்டாம்னு ஒரு ஆள் சொன்னாரு" என்று மட்டும் சொல்லுங்கள். நாலு வருஷமாக அப்படித்தான், யாராவது ஒருவர் நடுவில் நின்று சொல்லிவிட்டால் வேலை நடந்துவிடும். சத்தமாக வையுங்கள், நானும் கேட்கிறேன்.

எடுத்துவிட்டான். சொல்லுங்கள், சொல்லுங்கள்.

"யாருங்க நீங்க? எந்த ஊரு செட்டு? போட்டி நேரத்துல பிள்ளைய மிரட்டிப் பாக்கறீங்களா? அது எங்க சகலை கையால பாத்த வில்லுங்க. போய் வேற வேலையப் பாருங்க."

வைத்துவிட்டானா? மறுபடியும் போடுங்கள். போடுங்கள் தம்பி! கொடுங்கள் இப்படி, நானே பேசுகிறேன். எங்கே பேச வேண்டும், இங்கேயா?

"அலோ."

"மறுபடியுமா? யாருய்யா நீ?"

"நான்தான், அத்தப்பன். சகலை, நான்தான் பேசறேன். பிள்ளைய இழுக்க வேண்டாம்னு சொல்லு."

"சகலை? நீங்களா? என்னங்க ஆச்சு? அக்காளுக்கு ஏதாவது..."

"வீட்டுல ஒண்ணுமில்ல. வில்லு. மேல் தகட்டுல விரிசல் இருக்குது. பிள்ள எங்க?"

"கோட்டுல நிக்கறா. வெயிலுக்கு முந்தி ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு அம்பு விட்டுட்டா, மூணாவது... இழுத்துட்டாளே! தாரணி! விட்டுராத கண்ணு! இறக்கு! மெல்ல இறக்கு, முகத்தத் திருப்பிக்க, மெல்ல, மெல்ல!"

தம்பி, என்ன சத்தம் அது? விசில்தானே? விசில்தானே அது? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறதா? யாரோ ஓடுகிறார்கள். கண்டக்டர், கொஞ்சம் சும்மா இருங்கள், புண்ணியமாகப் போகும். சொல் நாச்சிமுத்து, ஏதாவது சொல்.

"இறக்கிட்டாளுங்க சகலை. நல்லா இருக்கா. எங்கிருக்குதுன்னு சொல்லுங்க."

"வலது பக்கம். சக்கரத்துல இருந்து நாலு விரல் கீழ. தாள உரிச்சுப் பாரு."

உரிக்கிறான். கேட்கிறதா? சர்ரென்று. நான் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தேன் பாருங்கள்.

"ஆமாங்க. நகம் இறங்குது. அடி வரைக்கும் போயிருக்குது... எப்ப ஆச்சுங்க இது?"

"வியாழக்கிழமை."

"தாள் ஒட்டினது வெள்ளிக்கிழமைதானுங்களே."

நான் என்ன சொல்வேன்? அங்கே யாரோ போனை வாங்குகிறார்கள்.

"பெரியப்பா."

"சாமி, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"தெரிஞ்சுதான் ஒட்டினீங்களா?"

"இல்ல சாமி. பொழுது இறங்கின நேரம், பெரியப்பனுக்குப் பார்வை சரியாத் தெரியல. இன்னிக்குக் காலைலதான் ஏதோ ரோசனையா இருந்துது, அதுக்குத்தான்..."

"நாலு விரல் கீழன்னு சொன்னீங்களாமே."

"அது வந்து சாமி..."

வைத்துவிட்டாள்.

உட்காருங்கள், ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத்தானே நான் கேட்டேன்? ஆகவில்லை. அது போதும். போட்டி போனால் அடுத்த வருஷம் வரும்.

ஆனால் கேட்டீர்களா, "சொன்னீங்களாமே" என்கிறாள். அதற்குள் அப்பன் சொல்லிக் கொடுத்துவிட்டான். பதினோரு வருஷம் கழித்து நான் முதலில் பேசினேன், அதை ஒரு வார்த்தை சொன்னானா? நாலு விரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது அவனுக்கு. அவள் குரலைக் கேட்டீர்களா தம்பி? என்னிடம் அப்படி ஒரு குரலில் அவள் பேசியதே இல்லை. பார்வை தெரியவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதையே பிடித்துக்கொண்டால் நம்பிவிடுவாள். வயசானவன் கண், யார் வந்து பார்த்தார்கள்? அந்தக் கொட்டகையில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. பஞ்சு மாட்டியதை யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் நான் சொல்லவில்லை.

உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எந்த ஊர் தம்பி? நான் கேட்கவே இல்லையே. சங்ககிரியில்தானே ஏறினீர்கள்? அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா? நாச்சிமுத்து வாத்தியாரிடம் படித்தவர்கள் யாராவது? இல்லை, சும்மாதான் கேட்கிறேன். அந்த நம்பரை அழித்துவிடுங்கள். இப்போதே அழித்துவிடுங்கள், நான் பார்க்கிறேன்.

அடிக்கிறதே. யார்? அதே நம்பரா?

எடுக்காதீர்கள். தம்பி, உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், எடுக்காதீர்கள். அவள்தான். என்னிடம் கேட்டதை உங்களிடம் கேட்பாள். பெரியப்பா உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்பாள்.

என்ன சொல்வீர்கள்?